தமிழ் விசைப்பலகை: தட்டச்சுப் பொறியிலிருந்து மெக்கானிக்கல் கீபோர்டு வரை

தமிழ் எழுத்துகளைப் பொறியிலோ கணினியிலோ உள்ளிடப் பயன்படும் விசைகளின் ஒழுங்கமைவே தமிழ் விசைப்பலகை ஆகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியோடு தொடங்கிய இதன் வரலாறு, எழுத்துச் சீர்திருத்தம், ஆட்சிமொழிச் சட்டம், கணினி எழுத்துரு, ஒருங்குறி எனப் பல கட்டங்களைக் கடந்து வந்துள்ளது. இன்று கணினி விளையாட்டுக்காக விற்கப்படும் மெக்கானிக்கல் கீபோர்டிலும் இதே வரலாறு தொடர்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது இணையத்துக்குக் கட்டுரை எழுதிவரும் ஒருவரின் பட்டறிவோடு சேர்த்து அவ்வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தட்டச்சுப் பொறியின் தோற்றம்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்ற இதழாளர் 1868-இல் தம் நண்பர்களோடு சேர்ந்து தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதைத் துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் 'குவர்ட்டி' என்னும் ஆங்கில விசை வரிசை அப்பொறியின் வழி வந்ததே. அடுத்தடுத்து அடிக்கும் எழுத்துகளின் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கவே எழுத்துகளைக் கலைத்து வைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். இதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1936-இல் ஆகஸ்ட் டிவோராக் என்பவர் விரலுக்கு எளிதான வேறொரு வரிசைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பழகிப்போன வரிசையை மக்கள் விடவில்லை. விரல் ஒருமுறை கற்றதை எளிதில் மறக்காது என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ் விசைப்பலகையின் வரலாற்றிலும் இதே செய்தி மீண்டும் வரும்.

தமிழுக்கு நேர்ந்த இடர்

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். பெரிய வடிவம், சிறிய வடிவம் இரண்டையும் சேர்த்தாலும் 52 தான். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். ஒரு தட்டச்சுப் பொறியில் இருக்கும் விசைகளோ நாற்பத்தைந்து அளவில்தான். ஒரு விசைக்கு இரண்டு வடிவம் என்றாலும் தொண்ணூறு வடிவங்களுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும்.

'கா', 'கெ', 'கை' போன்றவற்றில் இடர் இல்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றைத் தனித்தனியாக அடித்துவிடலாம். 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்ற மூன்றும் சேர்ந்ததே. ஆனால் புள்ளியும் 'கி', 'கீ' என்பவற்றின் விசிறிகளும் எழுத்தின் தலைமேல் வருபவை. உகர, ஊகர வரிசைகளோ எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுபவை. 'கு', 'டு', 'மு', 'ரு', 'நு' என்பவற்றை எழுதிப் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பது விளங்கும். ஆங்கிலப் பொறியை வாங்கி எழுத்தை மட்டும் மாற்றிப் பொருத்தினால் தமிழ் வராது என்பதற்கு இதுவே காரணம்.

ஆர். முத்தையாவும் நகரா விசையும்

இவ்விடரைத் தீர்த்துத் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்த ஆர். முத்தையா. இளமையில் மலாயா, சிங்கப்பூர் பகுதிக்குச் சென்று பணிபுரிந்தவர். ஆங்கிலத் தட்டச்சு அங்கே அன்றாடப் பயன்பாட்டில் இருந்ததைக் கண்டு, தமிழுக்கும் அப்படியொரு பொறி வேண்டும் என முயன்றார். அவர் வகுத்த அமைப்பின்படி பொறிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டன. 'பிஜோ' என்னும் கையடக்கப் பொறி அவற்றுள் பெயர் பெற்றது. 'தமிழ்த் தட்டச்சின் தந்தை' என இவர் போற்றப்படுகிறார்.

தமிழ்த் தட்டச்சின் உயிர்நாடி நகரா விசை ஆகும். சாதாரண விசையை அடித்தால் எழுத்து பதிந்து, தாள் தாங்கிய உருளை ஓர் இடம் நகரும். நகரா விசையை அடித்தால் குறி மட்டும் பதியும், உருளை நகராது. எனவே முதலில் புள்ளியை அடித்து, அதே இடத்தில் மகரத்தை அடித்தால் 'ம்' கிடைக்கும். முதலில் விசிறியை அடித்து, பிறகு மகரத்தை அடித்தால் 'மி' கிடைக்கும்.

கையால் எழுதும்போது எழுத்தை எழுதிவிட்டுப் பிறகுதான் புள்ளி வைக்கிறோம். பொறியிலோ புள்ளி முன்னே, எழுத்து பின்னே. 'தமிழ்' என்ற சொல்லைப் பொறியில் அடிக்க வேண்டிய வரிசை: த, விசிறி, ம, புள்ளி, ழ. தமிழ்த் தட்டச்சு பயின்ற ஒவ்வொருவரும் முதல் சில வாரங்கள் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

ஆட்சிமொழியும் எழுத்துச் சீர்திருத்தமும்

1956-இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டத்தால் அன்றைய சென்னை மாநிலத்தில் தமிழ் ஆட்சிமொழி ஆயிற்று. அலுவலகக் கோப்புகள் தமிழில் எழுதப்பட வேண்டுமானால் தமிழில் அடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். இதனால் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கும் தட்டச்சருக்கும் தேவை பெருகியது. 1955-இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியதும் இக்காலத்தில்தான்.

தந்தை பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் சீர்திருத்திய எழுத்துகளைப் பயன்படுத்தி வந்தார். 1978-இல் தமிழ்நாடு அரசு அவற்றுள் பெரும்பகுதியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் 'ணை', 'லை', 'ளை', 'னை' ஆகிய நான்கும் தும்பிக்கை போன்ற தனிக்குறியோடு எழுதப்பட்டன. 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. ஆணைக்குப் பின் எல்லா எழுத்துக்கும் ஒரே இணைக்கொம்பு, ஒரே துணைக்கால் போதும் என்றாயிற்று. குழந்தைக்கும் அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் இதனால் சுமை குறைந்தது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தட்டச்சுப் பயிலகங்கள்

தமிழ்நாட்டில் தட்டச்சுத் தேர்வைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இளநிலை, முதுநிலை என்பவை தேர்வின் பெயர்கள். மக்கள் வழக்கில் அவை 'லோயர்', 'ஹையர்'. ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம் வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 4 தேர்வில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்கு இச்சான்றிதழ் கட்டாயம்.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த விழுப்புரமும் திண்டிவனமும் இரயில் வசதி பெற்ற ஊர்கள். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பள்ளி முடித்த பிள்ளைகள் பேருந்திலும் மிதிவண்டியிலும் வந்து 'டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்'டில் சேர்வார்கள். கடைத்தெருவில் ஏதாவதொரு மாடியில் பத்துப் பன்னிரண்டு பொறிகள் இருக்கும். படியேறும்போதே ஓசை கேட்கும். ஒரு மணி நேரம் ஒரு வகுப்பு. ஆங்கிலத்துக்கு ஒரு மணி, தமிழுக்கு ஒரு மணி. தமிழின் முதல் பாடம் இடக்கை விரல்களுக்கான 'யளனக'. பக்கம் பக்கமாக அதையே அடிக்க வேண்டும். விசையைப் பார்த்து அடித்தால் ஆசிரியர் ஓர் அட்டையை விரல்களுக்கு மேல் பிடித்துவிடுவார்.

1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டம் ஆயிற்று. அதுவரை மாவட்ட அலுவலகங்களுக்குக் கடலூர் சென்றவர்கள் விழுப்புரத்துக்கே வரலாயினர். வேளாண்மையை நம்பிய குடும்பங்களில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, லோயரும் ஹையரும் அரசுப் பணிக்கான வாயிலாக இருந்தன. நிலமோ பரிந்துரையோ இல்லாத வீட்டில் பத்து விரல்களே முதலீடு. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவியர் சிலர் இவ்வழியே அலுவலகப் பணிக்குச் சென்றதை நான் கண்டிருக்கிறேன். தட்டச்சு வரலாற்றைப் பொறியின் வரலாறாக மட்டும் எழுதினால் இந்தப் பிள்ளைகள் விடுபட்டுப் போவார்கள்.

கணினியும் எழுத்துருக் குழப்பமும்

1980-களின் நடுப்பகுதி முதல் தமிழ் கணினிக்கு வந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் அமைப்பை வகுத்தார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் இருந்தவர்கள் தத்தம் தேவைக்கு எழுத்துருக்களைச் செய்தனர்.

இவ்வெழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதில் ஒற்றுமை இல்லை. ஓர் எழுத்துருவில் அடித்த கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும்.

இது என் வீட்டிலும் நடந்தது. பல ஆண்டுகள் மாலை நேரங்களில் அடித்துச் சேர்த்த வரலாற்றுப் பாடக் குறிப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றிய அன்று, ஒரு வரிகூடப் படிக்க இயலவில்லை. கோப்பு அழியவில்லை, எழுத்து எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் அது தமிழாக இல்லை. குறியாக்க மாற்றி மென்பொருள் கொண்டு பெரும்பகுதியை மீட்டேன். எந்த எழுத்துருவில் அடித்தேன் என்பதே நினைவில்லாத சில கோப்புகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. ஓலைச்சுவடியைச் செல்லரிக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனுக்கு, கணினிக் கோப்பையும் ஒருவகைச் செல் அரிக்கும் என்று தெரியாமல் போயிற்று.

இதற்குத் தீர்வாக வந்ததே ஒருங்குறி, அதாவது யூனிகோடு. 1991-இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. தமிழ் எழுத்துகளுக்கு உலகெங்கும் ஒரே எண் முறை என்பதால் எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை வெளியிட்டது.

தமிழ்99 விசைப்பலகை

1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழிணையம் 99' மாநாடு நடைபெற்றது. அதன் பயனாகத் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகையே தமிழ்99 ஆகும். இதன் அமைப்பு தமிழ் இலக்கணத்தைத் தழுவியது.

1. உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கையில் உள்ளன. மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையில் உள்ளன.

2. நடு வரிசையில் இடக்கை விரல்களின் கீழே அ, இ, உ, புள்ளி, எ ஆகியவை அமைந்துள்ளன. அ, இ, உ, எ என்னும் குறில்களுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ என்னும் அவற்றின் நெடில்கள் உள்ளன. ஒ, ஓ, ஔ கீழ் வரிசையில் உள்ளன.

3. மிகுதியாகப் பயன்படும் க, ப, ம, த, ந, ய ஆகியவை வலக்கையின் நடு வரிசையில் உள்ளன.

4. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்து அடித்தால் உயிர்மெய் பிறக்கும். ககரத்தை அடுத்து எகரத்தை அடித்தால் 'கெ'. கொம்பை முன்னே அடிக்க வேண்டியதில்லை.

5. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும்.

6. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானே விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய ஆறும் இவ்வாறு அமையும். 'திண்டிவனம்' என்பதற்கு த, இ, ண, ட, இ, வ, ன, ம, புள்ளி என ஒன்பது தட்டல்கள்.

7. 'மமதை' போன்ற சொற்களில் புள்ளி விழக் கூடாது. அங்கே இரண்டு மகரத்துக்கும் இடையில் அகரத்தை அடிக்க வேண்டும்.

தட்டச்சுப் பொறி எழுத்தின் வடிவத்தைப் பின்பற்றியது. தமிழ்99 எழுத்தின் பிறப்பைப் பின்பற்றுகிறது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு இரண்டிலும் ஐந்து தட்டல்களே. ஆனால் தமிழ்99-இல் வரிசை த, ம, இ, ழ, புள்ளி. நாம் ஒலிக்கும் முறையும் எழுதிப் புள்ளி வைக்கும் முறையும் இதுவே.

இவ்வளவு இருந்தும் தமிழ்99 எல்லாரிடமும் சென்று சேரவில்லை. பயிலகத்தில் பொறி வரிசையைக் கற்றவர்கள் அதையே கணினியிலும் தொடர்ந்தனர். ஆங்கில எழுத்தால் 'அம்மா' என ஒலிபெயர்த்து அடிக்கும் முறை இளைஞரிடம் பரவியது. தமிழா குழுவினரின் இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் இந்த மூன்று முறைகளுக்கும் இடமளித்தன. செல்லினம் கைபேசியில் தமிழைக் கொண்டுவந்தது. டிவோராக்குக்கு நேர்ந்ததே தமிழ்99-க்கும் ஓரளவு நேர்ந்தது எனலாம்.

மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் என்ன?

கணினியோடு வழக்கமாக வரும் மலிவான விசைப்பலகையில் எல்லா விசைகளுக்கும் கீழே ஒரே இரப்பர் விரிப்பு இருக்கும். விசையை அடி வரை அழுத்தினால்தான் இணைப்பு ஏற்படும். நாளடைவில் இரப்பர் தளர்ந்து சில விசைகள் ஒட்டிக்கொள்ளும்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுவிட்ச் உண்டு. அதனுள்ளே ஒரு சுருள்வில்லும் நகரும் தண்டும் உலோக இணைப்புத் தகடும் இருக்கும். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் அளவில் இறங்கும். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து பதிந்துவிடும். 1985-இல் வந்த ஐபிஎம் நிறுவனத்தின் 'மாடல் எம்' இதன் முன்னோடிகளுள் ஒன்று. 1980-களில் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் கொண்டுவந்த 'எம்எக்ஸ்' சுவிட்சே இன்றைய பெரும்பாலானவற்றுக்கு மூலம். 2014 அளவில் அதன் காப்புரிமை முடிந்தபின் சீன நிறுவனங்களும் அதே அமைப்பில் செய்யத் தொடங்கியதால் விலை இறங்கியது.

சுவிட்சுகளை நிறத்தால் குறிப்பிடுவது வழக்கம். சிவப்பு தடையின்றி இறங்கும். பழுப்பில் பாதி வழியில் சிறு தடை விரலுக்குத் தெரியும். நீலத்தில் அத்தடையோடு 'டிக்' என்னும் ஓசையும் எழும். விளையாட்டுக்கான கீபோர்டில் பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினாலும் எல்லாம் பதியும். வண்ண விளக்குகளும் எரியும்.

வாங்கிய பின் கண்டவை

இக்கலைக்களஞ்சியத்துக்கு எழுதத் தொடங்கியபின் என் பழைய விசைப்பலகையில் 'ன' விசை ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பத்தியையும் திருத்த வேண்டியிருந்தது. பேரனைக் கேட்டு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். "தாத்தா, இது கேம் ஆடுறவங்க வாங்குறது. நீங்க கட்டுரை அடிக்கவா?" என்று சிரித்தான்.

முதல் நாள் நீல சுவிட்சின் ஓசையைக் கேட்டதும் பயிலகத்து மாடிப்படி நினைவுக்கு வந்தது. வரி முடிவில் அடிக்கும் மணி மட்டும்தான் இல்லை. ஆனால் இரவில் அடித்தால் பக்கத்து அறையில் தூங்குபவர் விழித்துக்கொள்வார். வீட்டில் மற்றவர்களும் இருப்பவர்கள் பழுப்பையோ சிவப்பையோ தேர்வது நல்லது. இன்னொன்று, மெக்கானிக்கல் கீபோர்டு உயரம் மிகுந்தது. மணிக்கட்டு மேல்நோக்கி மடியாதபடி கையருகே ஒரு மரச்சட்டமோ மடித்த துணியோ வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் அப்படி வைக்காமல் வலியால் துன்புற்றேன்.

விசைகளில் ஆங்கிலம் மட்டுமே அச்சாகியிருந்தது. தமிழ் எழுத்து ஒட்டிகள் கிடைக்கும் என்றார்கள். நான் ஒட்டவில்லை. பார்த்து அடித்தால் அட்டை பிடித்த ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது? அதைவிட ஒரு முடிவு எடுத்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விரலில் இருந்த 'யளனக'வை விட்டுத் தமிழ்99-க்கு மாறுவது என்பதே அது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் தமிழ்99 உள்ளிணைந்தே வருவதால் தனி மென்பொருள் தேவைப்படவில்லை.

மாற்றம் எளிதாக இல்லை. முதல் இரண்டு வாரம் புள்ளியை முன்னே அடித்துக்கொண்டே இருந்தேன். 'ம்' வேண்டிய இடத்தில் முந்தைய எழுத்தின் தலையில் புள்ளி விழுந்தது. அறுபது வயதுக்கு மேல் மறுபடியும் முதல் வகுப்பு மாணவன் ஆனதில் வெட்கமும் இருந்தது. மூன்றாம் மாதத்தில்தான் விரல் தானாகச் சென்றது. இப்போது பழைய வேகம் இல்லை, ஆனால் பிழை குறைந்திருக்கிறது.

ஒருநாள் பேரன் விளையாடுவதைப் பார்த்தேன். விளையாட்டில் ஆளை நகர்த்த அவன் இடக்கையால் அழுத்தும் நான்கு விசைகளும் தமிழ்99-இல் ஈ, அ, இ, உ. அவற்றுள் நடு வரிசையில் இருக்கும் மூன்றும் நாம் இலக்கண வகுப்பில் நடத்திய சுட்டெழுத்துகள். "நீ அழுத்துறது அ, இ, உ. அங்கே, இங்கேன்னு திசை காட்டுற எழுத்துடா" என்றேன். நம்பவில்லை. தமிழ்99-ஐ இயக்கிக் காட்டியபின் அவனே 'அவன்', 'இவன்' என்று அடித்துப் பார்த்தான். இருபது நிமிடத்தில் தன் பெயரையும் ஊரின் பெயரையும் அடித்தான். அவன் தமிழில் விசை தட்டியது அதுவே முதல்முறை. அதுவரை தமிழ்ச் செய்தியையும் ஆங்கில எழுத்தில்தான் அனுப்பிக்கொண்டிருந்தான்.

மாணவர் கருத்தில் கொள்ள வேண்டியவை

அரசுப் பணிக்கான தட்டச்சுத் தேர்வை எண்ணிப் பயிலும் மாணவர் பயிலகத்தில் கற்பிக்கும் வரிசையையே முறையாகக் கற்க வேண்டும். இடையில் வேறு முறையைக் கலந்தால் விரல் குழம்பும். தேர்வு நோக்கம் இல்லாதவர்கள் தமிழ்99-ஐத் தொடக்கத்திலேயே கற்பது நன்று. நாள்தோறும் அரை மணி நேரம் போதும்.

எந்த முறையில் அடித்தாலும் ஒருங்குறியில் அடித்துச் சேமிக்க வேண்டும். விசை வரிசை அவரவர் விருப்பம். குறியாக்கம் எல்லாருக்கும் பொது. பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகள் வைத்திருக்கும் ஆசிரியர்கள், எழுத்துருவின் பெயர் நினைவில் இருக்கும்போதே அவற்றை மாற்றிவைக்க வேண்டும்.

விலை உயர்ந்த கீபோர்டு கட்டாயம் இல்லை. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தால் அதிலேயே பழகலாம். 61 விசைகள் மட்டும் கொண்ட சிறிய மெக்கானிக்கல் கீபோர்டும் போதும், ஏனெனில் தமிழ்99 எண் வரிசையை எழுத்துக்குப் பயன்படுத்துவதில்லை.

முடிவுரை

முத்தையாவின் பொறி முதல் இன்றைய வண்ண விளக்குக் கீபோர்டு வரை ஒவ்வொரு பொறியும் வேறு மொழிக்காகச் செய்யப்பட்டே நம்மிடம் வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் உட்கார்ந்து 247 எழுத்துகளை அதில் அடக்கிக் கொடுத்தார்கள். 2017-இல் கூகுள் தமிழில் பேசினாலே எழுதும் வசதியைத் தந்தது. இனி விசையே வேண்டாம் என்று சொல்வாரும் உண்டு. ஆனால் சொல்லைச் சீர்தூக்கி, அடித்துத் திருத்தி எழுதும் கட்டுரைக்கு விரல் இன்னும் தேவைப்படுகிறது. வீட்டில் ஒரு விசைப்பலகை இருந்தால், அது விளையாட வாங்கியதே ஆனாலும், அதில் ஒருமுறை தமிழ்99-ஐ இயக்கி உங்கள் ஊரின் பெயரை அடித்துப் பாருங்கள்.